விண்டோஸா, லினக்ஸா? முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் இது தவறாமல் இடம்பெறுகிறது: "சார், விண்டோஸ் போடலாமா, லினக்ஸ் போடலாமா?" கடைக்காரரிடம் கேட்டால் ஒரு பதில் வரும். இன்ஜினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டால் அதற்கு நேர் எதிரான பதில் வரும். அலுவலக நண்பரிடம் கேட்டால் "இரண்டும் வேண்டாம், மேக் வாங்கு" என்பார். மூவரும் தங்கள் அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் எந்த வேலைக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினீர்கள் என்று மூவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

இந்தக் கேள்விக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டரையோ, குறைந்த விலையில் கிடைத்த செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரையோ வீட்டில் வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். அதற்கு உதவும் விஷயங்களை, கொஞ்சம் பழைய கதையோடு சேர்த்து, இந்தக் கட்டுரையில் பார்ப்போம். பழைய கதை எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த விவாதம் நம் ஊரில், அதுவும் தென்சென்னைப் புறநகரில், இருபது வருடங்களுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

தறியும் ஆபரேட்டிங் சிஸ்டமும்

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்பதை அனகாபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். அது நெசவாளர்களின் ஊர். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டாலும் அந்த அடையாளம் போகவில்லை. ஒரு காலத்தில் இங்கே நெய்த 'ரியல் மெட்ராஸ் கைக்குட்டை' என்ற கட்டம்போட்ட துணி நைஜீரியாவரை போனது. அந்த ஏற்றுமதி விழுந்த பிறகு, வாழைநார் போன்ற இயற்கை நார்களைக் கலந்து சேலை நெய்து இந்த ஊர் மறுபடியும் பெயர் வாங்கியது.

துணி என்பது நீங்கள் செய்யும் வேலை. நூல் என்பது உங்கள் தகவல்கள். கட்டம் போடுவதா, பூப்போடுவதா என்று தீர்மானிப்பது வேர்ட், எக்ஸெல், டேலி போன்ற சாப்ட்வேர்கள். இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் தறிதான் ஆபரேட்டிங் சிஸ்டம். நெசவாளி தறியை விற்பதில்லை, துணியைத்தான் விற்கிறார். ஆனால் நூல் மாறினால் தறியின் அச்சும் விழுதும் மாற வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். "எது நல்ல தறி?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "என்ன நெய்யப் போறீங்க?" என்றுதான் திருப்பிக் கேட்பார்.

(இன்னொரு விஷயம். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் ஜக்கார்டு முறை பிரான்சில் 1804-ல் வந்தது. அதே துளை அட்டைதான் பின்னாளில் கணக்கிடும் இயந்திரங்களுக்குத் தகவல் கொடுக்கும் வழியானது. அதனால் கம்ப்யூட்டரையும் தறியையும் ஒப்பிடுவது வெறும் உவமை இல்லை. இரண்டும் சொந்தக்காரர்கள்தான்!)

கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க், மெமரி, கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. மைக்ரோசாப்டின் விண்டோஸ் 1985-ல் வெளிவந்தது. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். உள்ளே எழுதியிருக்கும் புரோகிராமை நாம் பார்க்க முடியாது. லினக்ஸ், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கியது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், யாருக்கு வேண்டுமானாலும் நகல் எடுத்துக் கொடுக்கலாம், தெரிந்தவர்கள் திறந்து பார்த்துத் திருத்தவும் செய்யலாம். உபுண்டு, மின்ட், டெபியன், பாஸ் என்று பல பெயர்களில் வருவதெல்லாம் லினக்ஸின் வகைகள்தான். "லினக்ஸ் எனக்குப் பழக்கமே இல்லை" என்பவர்கள் தங்கள் ஆண்ட்ராய்டு போனை எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

கலாமும் கேட்ஸும் ஒத்துப்போகாத இடம்

அனகாபுத்தூரிலிருந்து பம்மல் வழியாகப் பல்லாவரம் வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் பக்கம் திரும்பினால் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வந்துவிடும். 1949-ல் தொடங்கப்பட்ட இந்த மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் விமானப் பொறியியல் படித்தவர் அப்துல் கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபரேட்டிங் சிஸ்டம் விவாதத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது.

2002 நவம்பரில் பில் கேட்ஸ் இந்தியா வந்தபோது, குடியரசுத் தலைவராக இருந்த கலாமைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு மே மாதம் புனேயில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பேசிய கலாம், அந்தச் சந்திப்பைப் பற்றிச் சொன்னார். பாதுகாப்பு ஏற்பாடுகளை நாமே உள்ளே சேர்த்துக்கொள்ள வசதியாக, திறந்த மூல சாப்ட்வேர் வேண்டும் என்பது தன் கருத்து என்றும், இருவருடைய பார்வையும் வேறுவேறாக இருந்ததால் உரையாடல் சிரமமாகிவிட்டது என்றும் வெளிப்படையாகவே சொன்னார். இந்தியா போன்ற நாட்டுக்குத் திறந்த மூல சாப்ட்வேர்தான் ஏற்றது என்பது அந்த உரையின் சாரம்.

அதற்குப் பிறகு நடந்ததும் குரோம்பேட்டையில்தான். எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து, மத்திய அரசின் உதவியோடு 2005-ல் திறந்த மூல சாப்ட்வேருக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் சி-டாக் உருவாக்கியதுதான் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான வசதிகளோடு 2007-ல் அது வெளிவந்தது.

எல்காட் செய்த பரிசோதனை

வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை மாற்றுவது ஒன்று, அரசாங்கத்தில் மாற்றுவது வேறு. 2006 முதல் 2008 வரை தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த வேலையில் துணிந்து இறங்கினார். எல்காட்டின் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சூஸே லினக்ஸுக்கு மாறின. பள்ளிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் எல்காட் வாங்கிக் கொடுத்த ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ் போனது. லைசென்ஸ் செலவு மிச்சம், வைரஸ் தொல்லை குறைவு என்பவை அப்போது சொல்லப்பட்ட காரணங்கள்.

அடுத்த பெரிய கட்டம் 2011. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இலவச லேப்டாப் திட்டத்தில், முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு லேப்டாப் என்று திட்டமிட்டார்கள். அந்த லேப்டாப்புகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாப்ட் மிகவும் சுருக்கிக் கொடுத்த பதிப்பு. டெஸ்க்டாப்பில் இருக்கும் படத்தைக்கூட மாற்ற முடியாது! அதே லேப்டாப்பில் பக்கத்திலேயே எந்தக் கட்டுப்பாடும் இல்லாத லினக்ஸ். இதைவிட நல்ல ஒப்பீட்டு வாய்ப்பு ஒரு மாணவருக்குக் கிடைக்காது.

ஆனால் என்ன நடந்தது? பல வீடுகளில் பாஸ் பகுதி திறக்கப்படவே இல்லை. "இடத்தை அடைக்கிறது" என்று அதை அழித்துவிட்டு, எங்கிருந்தோ கிடைத்த முழு விண்டோஸை ஏற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். 2013-ல் தமிழக அரசு மறுபடியும் முயன்றது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடன் ஆதரவு முடிகிறது என்பதால், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று சுற்றறிக்கை போனது. அதற்குப் பிறகும் அரசு அலுவலக மேஜைகளில் நம் கண்ணில் அதிகம் படுவது விண்டோஸ்தான்.

லினக்ஸ் மோசம் என்பதால் இப்படி ஆனது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிகளில் லினக்ஸை வைத்தே ஆசிரியர்களுக்குப் பயிற்சி, லினக்ஸை வைத்தே பாடப்புத்தகம், பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வும் லினக்ஸில். 2019-ல் 2 லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட சொந்தப் பதிப்பைக் கொடுத்தார்கள். லைசென்ஸ் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்கும் சொன்னார்கள். இங்கேயோ, 2000-களின் மத்தியில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ் பாடம் இருந்தது. அதைப் படித்து மார்க் வாங்கிய மாணவன் வேலைக்குப் போன இடத்தில் "எம்.எஸ். ஆபீஸ் தெரியுமா?" என்றார்கள். பாடம் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று இருந்தால் மாணவன் எந்தப் பக்கம் போவான்?

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-ல் முடிவெடுத்து, பத்து ஆண்டுகள் உழைத்து, சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-ல் அதே மாநகராட்சி மன்றம் விண்டோஸுக்கே திரும்பலாம் என்று ஓட்டுப் போட்டது.

ஜெராக்ஸ் கடை மேஜையில் என்ன நடக்கிறது?

கொள்கை விவாதத்தை விட்டுவிட்டு, தெருமுனை ஜெராக்ஸ் மற்றும் டி.டி.பி. கடையைப் பார்ப்போம். பம்மலிலோ அனகாபுத்தூரிலோ இப்படி ஒரு கடை வைக்கலாம் என்று நீங்கள் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால், இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

முதல் விஷயம், தமிழ் ஃபாண்ட். பத்திரம், விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று வருஷக்கணக்காகச் சேர்ந்த ஃபைல்கள் பாமினி, வானவில் போன்ற பழைய ஃபாண்டுகளில் இருக்கும். இவை யூனிகோடு இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டவை. ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வேஷம் கலைந்து ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்த ஃபாண்ட் ஃபைலை லினக்ஸிலும் இன்ஸ்டால் செய்யலாம், ஃபைலைத் திறந்து படிக்கவும் முடியும். சிக்கல் டைப் அடிப்பதில் இருக்கிறது. இந்த ஃபாண்டுகளுக்கான பழைய கீபோர்டு சாப்ட்வேர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்காகவே எழுதப்பட்டவை. பேஜ்மேக்கரும் அப்படியே. லினக்ஸில் ஸ்கிரைபஸ் என்ற நல்ல பக்க வடிவமைப்பு சாப்ட்வேர் இருக்கிறது. ஆனால் பழைய பேஜ்மேக்கர் ஃபைல் அதில் அப்படியே வந்து உட்காரும் என்று நம்பி வாடிக்கையாளரிடம் நேரம் சொல்லிவிடாதீர்கள்.

யூனிகோடில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழக அரசே 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. 1999-ல் சென்னை மாநாட்டில் பிறந்த தமிழ்99 கீபோர்டு, விண்டோஸ் 11, லினக்ஸ் இரண்டிலும் கிடைக்கிறது. ஒருமுறை பழகிவிட்டால் எந்த மேஜையிலும் உட்கார்ந்து அடிக்கலாம்.

இரண்டாவது, பிரிண்டர். கம்ப்யூட்டரை மாற்றுபவர்கள் கடைசியாக நினைப்பதும், முதலில் மாட்டிக்கொள்வதும் இதில்தான். கேனான் எல்பிபி 2900 என்ற சின்ன லேசர் பிரிண்டரைப் பார்க்காத ஜெராக்ஸ் கடை அபூர்வம். உழைப்பாளி பிரிண்டர், ஆனால் லினக்ஸில் அதை ஓடவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதற்கான டிரைவர் பழையது. புதிய லினக்ஸ் பதிப்புகளோடு சுலபத்தில் ஒத்துப்போகாது. ஹெச்.பி. பிரிண்டர்கள் பலவற்றுக்கு அந்த நிறுவனமே லினக்ஸ் டிரைவர் கொடுக்கிறது. செருகினால் போதும், ஓடும். ஆக, லினக்ஸ் என்று முடிவு செய்திருந்தால், அது தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பிரிண்டர் வாங்குங்கள். விரல் ரேகை மெஷின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாவது, கணக்கு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு சின்னக் கடைக்காரர்களும் டேலி பக்கம் போனார்கள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. உங்கள் ஆடிட்டர் டேலி ஃபைல்தான் கேட்கிறார் என்றால் விவாதம் அங்கேயே முடிந்தது. விண்டோஸ் வாங்குங்கள், லைசென்ஸோடு வாங்குங்கள். தினமும் சோறு போடும் கருவியோடு கொள்கைச் சண்டை வேண்டாம்.

மற்ற மேஜைகளுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. பென்ஷன் வாங்கும் அப்பா மெயில் பார்க்கிறார், கரண்ட் பில் கட்டுகிறார், யூடியூபில் கச்சேரி கேட்கிறார் என்றால் எல்லாம் பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அடியில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆபீஸ் வேலையும் இப்படிப் பிரவுசருக்குள் வந்துகொண்டிருக்கிறது. கூடுவாஞ்சேரிப் பக்கம் தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோ, 2005-லேயே பிரவுசரில் ஓடும் ரைட்டரை வெளியிட்டுவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகளுக்கு லினக்ஸ் அவசியமே. வேலைக்குப் போகும் இடத்தில் பெரும்பாலான சர்வர்கள் அதில்தான் ஓடும். கேம்ஸ் விளையாடத்தான் கம்ப்யூட்டர் என்றால், லினக்ஸ் முன்பைவிட எவ்வளவோ தேறியிருந்தாலும், விண்டோஸில் தலைவலி குறைவு.

"கிராக்" வேண்டாமே!

"விண்டோஸும் இலவசம்தானே, கடையில் 300 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்களே?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இலவசம் இல்லை, திருட்டு. சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். லைசென்ஸ் கேட்காமல் இருப்பதற்காக ஓட்டப்படும் அந்தச் சின்ன கிராக் புரோகிராமுக்கு உங்கள் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறீர்கள். ஆன்டி வைரஸை ஆஃப் செய்துவிட்டுத்தான் அதை ஓட்டவே சொல்வார்கள்! அதே கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் பாஸ்வேர்டு அடிக்கிறீர்கள். வாசலில் பூட்டை உடைத்துவிட்டு உள்ளே பீரோவைப் பூட்டுவதால் என்ன பயன்? காசு கொடுக்க முடியவில்லை என்றால் திருட்டு விண்டோஸைவிட நேர்மையான லினக்ஸ் ஆயிரம் மடங்கு பாதுகாப்பு.

உங்கள் பழைய கம்ப்யூட்டர் தேறுமா?

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், 4 ஜிபி மெமரி, 64 ஜிபி டிஸ்க் இடம் வேண்டும். பிராசஸர் இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்ததாக இருக்க வேண்டும். உங்களுடையது தேறுமா என்று பார்க்க, மைக்ரோசாப்ட் தளத்தில் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. அதை ஓட்டினால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும்.

'ஆம்' என்று வந்தால் இலவசமாகவே விண்டோஸ் 11-க்குப் போகலாம். 'இல்லை' என்றால்? வீட்டு உபயோகிப்பாளர்களுக்காக விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. அது ஓராண்டு அவகாசம் மட்டுமே. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன், லினக்ஸ் மின்ட்டை ஒருமுறை முயன்று பாருங்கள் என்பதே என் யோசனை. அதற்கு 2 ஜிபி மெமரி இருந்தாலும் போதும், 4 ஜிபி இருந்தால் சௌகரியம். தோற்றத்தில் பழைய விண்டோஸைப் போலவே கீழே இடது ஓரத்தில் மெனு இருப்பதால் பயமும் இருக்காது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய கம்ப்யூட்டருக்கு இளமை திரும்பும். எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டாலும் இது பொருந்தும்.

எதையும் அழிக்காமல் பரிசோதிப்பது எப்படி?

லினக்ஸில் ஒரு பெரிய வசதி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், எனவே காலி டிரைவாக இருக்கட்டும். லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குங்கள். ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச புரோகிராமைக் கொண்டு அந்த ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றுங்கள். சும்மா காப்பி செய்தால் வேலை செய்யாது. பிறகு கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 கீயைத் தட்டுங்கள். சில கம்பெனிகளில் எஃப்9 ஆகவோ எஸ்கேப் ஆகவோ இருக்கும். வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் திரை வந்துவிடும்.

இப்போது நீங்கள் பார்ப்பது பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ். உங்கள் ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை. இந்த நிலையிலேயே வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, வெப் கேமரா தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் வேர்ட் ஃபைல் இரண்டை லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். சாதாரணக் கடிதம் அப்படியே வரும். நிறைய டேபிளும் மேக்ரோவும் உள்ள ஃபைல் கொஞ்சம் கலையலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இப்படி ஓட்டிவிட்டு முடிவு எடுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதற்காக மார்க் குறைக்காதீர்கள்.

பிடித்திருந்தால் விண்டோஸை அழிக்க வேண்டும் என்பதில்லை. இலவச லேப்டாப்பில் இருந்ததைப் போல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இன்ஸ்டால் செய்யும்போது 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்ற பொருளில் ஒரு வாய்ப்பு வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்பதை அவசரத்தில் கிளிக் செய்துவிட்டால் கல்யாண ஆல்பம்வரை எல்லாம் போய்விடும்.

அதனால் இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஃபைல்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுப்பது கட்டாயம். காப்பியைக் கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழேயே வைக்காதீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது தரையில் இருந்த சி.பி.யு.க்கள்தான் முதலில் மூழ்கின. அனகாபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புது விண்டோஸ் 11 லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பலவற்றில் டிஸ்க் பூட்டு, அதாவது என்க்ரிப்ஷன், தானாகவே ஆன் ஆகியிருக்கும். லினக்ஸுக்காக அமைப்புகளை மாற்றியபின் விண்டோஸ் திடீரென்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அது உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே எடுத்து நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். விண்டோஸின் பவர் அமைப்பில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதையும் ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் டிரைவ் லினக்ஸில் எழுத முடியாதபடி பூட்டிக்கொள்ளும்.

இரண்டையும் போட்ட பிறகு சில கம்ப்யூட்டர்களில் ஒரு வேடிக்கை நடக்கும். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் சர்வதேச நேரத்தை வைக்கிறது. அதுதான் காரணம். விண்டோஸில் நேர அமைப்புக்குப் போய் 'சிங்க் நவ்' கொடுத்தால் சரியாகும், ஆனால் அடுத்த முறை மறுபடியும் மாறும். மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸுக்கு ஒருமுறை கட்டளை கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. பேட்டரி போய்விட்டது என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.